காலில் செல்லுலைடிஸ், சார்ட்டில் மூன்று ஆன்டிபயாடிக்: எங்கே கை வைப்பது?

நைட்டியூட்டி:
பொது மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டு பி.ஜி. ஒரு கேஸை வைத்துத் தொடங்குகிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

58 வயது விவசாயி, சர்க்கரை உண்டு. இரண்டு நாள் காய்ச்சல். இடது முழங்காலுக்குக் கீழே சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. சீழ் இல்லை, கொப்புளம் இல்லை, ஆறாத புண் எதுவும் இல்லை, பி.பி. நார்மல். விரலிடுக்கில் மட்டும் சேற்றுப்புண். புத்தகத்தில் படம் போட்டதுபோல் செல்லுலைடிஸ், தோலிலும் அதன் அடியிலும் பரவும் கிருமித்தொற்று. இரவு நான் செஃபசோலின் எழுதினேன். காலையில் பார்த்தால் அதை அடித்துவிட்டுப் பைப்பெராசிலின்-டாசோபாக்டம் (பிப்டாஸ்), கிளிண்டாமைசின், கூடவே மெட்ரோனிடசோல். ஏன் சார் என்று சீஃபிடம் கேட்டதற்கு வந்த பதில்: "சுகர் பேஷண்ட்பா, ரிஸ்க் எடுக்காதே."

அதே வாரம்தான் இன்ஸ்பயர் ஆய்வைப் படித்தேன். 2025இல் ஜாமா இன்டர்னல் மெடிசினில் வந்தது. அமெரிக்காவில் ஒரே தனியார் குழுமத்தின் 92 மருத்துவமனைகள். தோல், மென்திசுத் தொற்றுடன் அட்மிட் ஆகிறவருக்கு டாக்டர் கணினியில் பெரிய மருந்தாக (பலவகைக் கிருமிகளையும் அடிக்கும் ஆன்டிபயாடிக்) ஆர்டர் போட்டால், அந்த நொடியே திரையில் ஒரு கணக்கு வரும்: இந்த நோயாளிக்கு மருந்துக்கு அடங்காத கிருமி இருக்க இத்தனை சதவீதம் வாய்ப்பு. அது 10 சதவீதத்துக்குக் கீழே என்றால், சாதாரண மருந்தே போதும் என்று பரிந்துரைக்கும். தடுக்காது, டாக்டர் நினைத்தால் தாண்டிப் போகலாம். முதல் மூன்று நாட்களில் பெரிய மருந்துகளின் பயன்பாடு 28 சதவீதம் குறைந்தது. அதனால் ஐசியூவுக்குப் போனவர்களும் கூடவில்லை, படுக்கை நாட்களும் கூடவில்லை.

எங்களிடம் கணினி ஆர்டர் கிடையாது. கிளிப் போட்ட காகித சார்ட்தான். இந்த ஆய்விலிருந்து எங்கள் வார்டுக்கு எடுத்துவர எதுவும் இருக்கிறதா?

கத்திக்காரன்:
தம்பி, நான் அறுவைசிகிச்சைப் பிரிவில் 27 வருஷம். உங்கள் சீஃப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தில் ஒரு அம்மா வந்தார். இதே கதைதான்: சர்க்கரை, சிவந்த கால். செல்லுலைடிஸ் என்று எழுதிப் படுக்கை கொடுத்தோம். இரவெல்லாம் வலி வலி என்று கத்தியிருக்கிறார். விடியும்போது கால் நீலம் பாரித்துக் கொப்புளம் கட்டியிருந்தது. நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ், தோலுக்கடியில் தசையுறை வரை அழுகிப் பரவும் தொற்று. தொடை வரை திறந்தோம், காலைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து சர்க்கரைக்காரர் காலைப் பார்த்தால் என் பேனா தானாகவே பிப்டாஸ் என்று எழுதும். அறிவியலா என்று கேட்காதீர்கள், பயம்.

இன்னொன்று, அந்தப் 10 சதவீதக் கணக்கு அவர்கள் ஊர்க் கிருமியை வைத்துப் போட்டது. நம் வார்டில் உலாவும் கிருமியை அந்தத் திரைக்குத் தெரியுமா?

அகார்தட்டு:
மைக்ரோபயாலஜி. கத்திக்காரன் சார் பயத்தை மறைக்காமல் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. அந்தப் பயத்தையே கல்ச்சர் போட்டுப் பார்ப்போம்.

சீழில்லாத செல்லுலைடிஸில் பெரும்பாலும் குற்றவாளி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதிலும் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பென்சிலின் வந்து எண்பது வருஷம் ஆன பிறகும் அதற்கு அடங்கித்தான் கிடக்கிறது. ஊரெல்லாம் கிருமிகள் ஒவ்வொரு மருந்தாக மீறிக்கொண்டிருக்க, இது ஒன்று பழைய மருந்துக்குத் தலையாட்டுகிறது. அதைப் போய் பிப்டாஸால் அடிக்கிறோம். கொசுவுக்குக் கடப்பாரை.

சீழ் இருந்தால் கதை வேறு. அங்கே ஸ்டெஃபைலோகாக்கஸ். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலைப்பின்னலின் சமீப அறிக்கைகளில், மருத்துவமனைகளில் எடுத்த ஸ்டெஃப் ஆரியஸ் மாதிரிகளில் 40 சதவீதத்துக்கு மேல் எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது வழக்கமான பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃப். நம் ஊர்க் கிருமி வேறு என்று சார் சொன்னது இந்த இடத்தில் சரி. ஆனால் பிப்டாஸ் எம்.ஆர்.எஸ்.ஏ.வைத் தொடாதே! எதை நினைத்துப் பயப்படுகிறோமோ அதற்கு வேலை செய்யாத மருந்தைத்தான் பயத்தில் எழுதுகிறோம்.

அப்புறம் அந்த மெட்ரோனிடசோல். காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்குப் பிப்டாஸ் ஒன்றே போதும். அதன் மேல் கிளிண்டா, அதற்கும் மேல் மெட்ரோ. ஒரே கதவுக்கு மூன்று பூட்டு. பக்கத்து ஜன்னல் திறந்து கிடக்கிறது.

ஃபேசியைடிஸில் கிளிண்டா கொடுப்பதற்குக் காரணம் உண்டு, நச்சு உற்பத்தியை அடக்கும். அங்கே பரந்த மருந்தும் வேண்டும், தயங்கக்கூடாது. ஆனால் அந்த நோயாளியைக் காப்பாற்றுவது கத்திதான் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை சார். அந்த அம்மாவுக்கு முதல் இரவே பிப்டாஸ் போயிருந்தால் கால் நின்றிருக்குமா?

கத்திக்காரன்:
நின்றிருக்காது. இரவில் யாராவது வந்து மறுபடி பார்த்திருந்தால் ஒருவேளை நின்றிருக்கும். கண்ணுக்குத் தெரிவதைவிட மிக அதிகமான வலி, அதுதான் முதல் அடையாளம். தவறவிட்டோம்.

எம்.ஆர்.எஸ்.ஏ.வைத் தொடாது என்பதும் தெரிந்ததுதான். எழுதும்போது அது மனதில் வருவதில்லை. சரி, சர்க்கரைக் கால் புண்ணுக்கு என்ன சொல்கிறீர்கள்? அங்கே வந்து செஃபசோலின் பாடம் எடுக்காதீர்கள்.

அகார்தட்டு:
எடுக்க மாட்டேன். நாள்பட்ட, ஆழமான சர்க்கரைப் புண்ணில் நம் நாட்டில் கிராம் நெகட்டிவ் என்ற வேறு வகைக் கிருமிகள் நிறைய வளரும். அது வேறு நோய். ஆனால் சர்க்கரைக்காரருக்கு வந்த செல்லுலைடிஸ் எல்லாம் சர்க்கரைக் கால் புண் ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதில்தான் பாதி பிப்டாஸ் போகிறது. புண் இருந்தாலும் தொற்றின் அறிகுறி இல்லையென்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றுதான் 2023 சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது.

புண்ணைச் சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து துளி திசு எடுத்து அனுப்புங்கள். மேலே தேய்த்த ஸ்வாப் வேண்டாம். மேல் அழுக்கில் என்ன இருக்கிறதோ அது வளரும், நான் அதற்கு ரிப்போர்ட் கொடுப்பேன், நீங்கள் அதற்கு மருந்து கொடுப்பீர்கள். முழுத் தோலின் மேல் தேய்த்த ஸ்வாப் போன வாரம்கூட வந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம், வயல் வேலை, சர்க்கரை, கூடவே உடம்பில் அங்கங்கே சீழ்க்கட்டி என்றால் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸை நினையுங்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகக் கடற்கரையில் இருக்கிறது. செஃப்ட்ரையாக்ஸோன் அதற்கு நம்பகமான மருந்தல்ல. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் வேண்டும். கடல் தண்ணீர் பட்ட காயம், கல்லீரல் கெட்டவர் என்றால் கடல்நீர்க் கிருமியான விப்ரியோ. பெரிய மருந்து கூடாது என்பதல்ல என் கட்சி. காரணத்தை எழுதிவிட்டுக் கொடுங்கள்.

தோல்_ஓபி:
நீங்கள் எல்லோரும் அது செல்லுலைடிஸ் என்றே வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எங்களுக்கு வரும் ரெஃபரலில் கணிசமானது செல்லுலைடிஸே இல்லை.

2017இல் ஜாமா டெர்மடாலஜியில் ஒரு ஆய்வு. எமர்ஜென்சி வழியாகக் கால் செல்லுலைடிஸ் என்று அட்மிட் ஆன 259 பேரின் கேஸ் ஷீட்டைப் பார்த்தார்கள். ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு அது செல்லுலைடிஸ் இல்லை. இவர்களுக்கு எந்த ஆன்டிபயாடிக் சரி? எதுவுமே இல்லை!

வார்டில் நான் முதலில் பார்ப்பது மற்ற காலை. இரண்டு காலும் ஒரே அளவில் சிவந்திருந்தால் பெரும்பாலும் ரத்தநாளத் தேக்கத்தால் வந்த எக்ஸிமா. வருஷக் கணக்கில் நின்று வேலை பார்த்தவர்கள், கணுக்கால் மேல் கறுத்திருக்கும், அரிக்கும், காய்ச்சல் இருக்காது. அடுத்து, பச்சிலை அரைத்துக் கட்டியதா, தைலம் தேய்த்ததா என்று கேட்பேன். டாக்டர் திட்டுவார் என்று முதல் கேள்விக்கு இல்லை என்பார்கள். மூன்றாவது தடவை மெதுவாகக் கேட்டால் கூட வந்த மருமகள் சொல்லிவிடுவார். அலர்ஜியில் வந்த சிவப்பு, நேர்கோட்டில் கட்டுப்போட்ட அளவுக்கே நிற்கும். கௌட் (யூரிக் அமில மூட்டுவாதம்), டி.வி.டி. (கால் ரத்தநாளத்தில் ரத்த உறைவு) இரண்டும் மனதில் இருக்கட்டும்.

காகித வார்டுக்கு ஏற்ற ஒரு ஸ்கோர் இருக்கிறது, ஏ.எல்.டி.-70. ஒரு காலில் மட்டும் என்றால் 3, வயது 70 அல்லது அதற்கு மேல் என்றால் 2, வெள்ளணு பத்தாயிரம் அல்லது அதற்கு மேல் 1, நாடித்துடிப்பு 90 அல்லது அதற்கு மேல் 1. கூட்டினால் 5 அல்லது அதற்கு மேல் என்றால் செல்லுலைடிஸாக இருக்கலாம், 2க்குள் என்றால் வேறு எதையாவது தேடுங்கள், நடுவில் விழுந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். ஸ்கோர் தெய்வவாக்கு இல்லை, ஆனால் மற்ற காலையும் பார்க்க வைக்கும்.

ஸ்டாஃப்நர்ஸ்20:
டாக்டர்கள் பேசும் இடத்தில் நான் வரலாமா தெரியவில்லை. மருந்தைக் கலக்கிப் போடுவது நாங்கள்தானே.

பிப்டாஸ் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை. ஒவ்வொன்றையும் கரைத்து, பாட்டிலில் ஏற்றி, அரை மணி ஓடவிட்டு, அதன் பின்னால் கிளிண்டா, அதன் பின்னால் மெட்ரோ. நாற்பது படுக்கைக்கு இரவில் இரண்டு பேர். மூன்றாம் நாள் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்ட கை சிவந்து வீங்கும். கால் செல்லுலைடிஸுக்கு வந்தவர் கையையும் காட்டுவார்.

நிறுத்தும் தேதியை யாரும் எழுதுவதில்லை. காலை ரவுண்ட்ஸில் எழுதுவது மூன்று எழுத்து: சி.எஸ்.டி. அதே மருந்தைத் தொடரவும். ஞாயிறு வந்தால் அதுவும் பழைய தாளைப் பார்த்துத்தான். ஒன்பதாம் நாள் பேஷண்டே "சிஸ்டர், ஊசி இன்னும் எத்தனை?" என்று கேட்டபிறகு நான் பி.ஜி.யிடம் கேட்பேன். அவர் சீஃபிடம் கேட்பார்.

இன்னொன்று, காலை உயர்த்தி வைக்க யாரும் எழுதுவதில்லை. வார்டில் தலையணை இல்லை. கட்டில் கால்மாட்டுக்குக் கீழே இரண்டு செங்கல் வைப்போம். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுத் தேதி, மணி எழுதி வைத்தால், ஷிஃப்ட் மாறும்போது பரவுகிறதா என்று எங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு சீனியர் சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

நைட்டியூட்டி:
சிஸ்டர், வரலாமா என்று கேட்டுவிட்டு இந்த இழையிலேயே வேலைக்கு ஆகிற பதிலை நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கோடு பற்றி ஒரு சந்தேகம்: மருந்து தொடங்கி முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் சிவப்பு கோட்டைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றுகிறார்கள்.

அகார்தட்டு:
அது பெரிய பொறி. கிருமி சாகும்போதே வீக்கம் ஒரு நாள் கூடலாம். ஆளைப் பாருங்கள்: காய்ச்சல், நாடி, வலி. காய்ச்சல் இறங்கி, பசிக்கிறது என்கிறார், கோட்டை மட்டும் விரல் அகலம் தாண்டியிருக்கிறது என்றால் 48 மணி வரை பொறுங்கள். வலி ஏறுகிறது, பி.பி. இறங்குகிறது, கொப்புளம் வருகிறது என்றால் மருந்தை மாற்றிக்கொண்டு நிற்காமல் கத்திக்காரன் சாரைக் கூப்பிடுங்கள்.

மருந்தறை:
கிளினிக்கல் பார்மசிஸ்ட். சிஸ்டர் சொன்ன அந்த மூன்று எழுத்தில்தான் என் வேலை முழுக்க மாட்டிக்கொண்டிருக்கிறது.

எத்தனை நாள் என்பதற்கு 2004லேயே ஒரு ஆய்வு வந்துவிட்டது. சிக்கலில்லாத செல்லுலைடிஸில் 87 பேருக்கு, 5 நாள் ஒரு குழு, 10 நாள் ஒரு குழு. இரண்டிலும் 98 சதவீதம் குணம். அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2014 வழிகாட்டுதலும் 5 நாள் என்கிறது, முன்னேற்றம் இல்லையென்றால் மட்டும் நீட்டிக்கலாம்.

நைட்டியூட்டியின் கேள்விக்கு நேர் பதில் டென்வரில் இருக்கிறது. அங்கே ஒரு பொது மருத்துவமனையில், இந்தத் திரைக்கணக்கெல்லாம் வருவதற்கு வெகு முன்பே, செல்லுலைடிஸுக்கும் சீழ்க்கட்டிக்கும் ஒரு வழிகாட்டுதல் எழுதினார்கள். ஆர்டர் போடும் இடத்திலேயே அதை வைத்தார்கள், ஒவ்வொரு துறையிலும் ஒரு மருத்துவரைப் பொறுப்பாக்கினார்கள், யார் எப்படி எழுதுகிறார்கள் என்று அவர்களுக்கே திருப்பிக் காட்டினார்கள். 2011இல் முடிவு வந்தது. நடுமைய சிகிச்சைக் காலம் 13 நாளிலிருந்து 10 ஆனது. கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கான பரந்த மருந்து பெற்றவர்கள் 66 சதவீதத்திலிருந்து 36. சிகிச்சை தோற்றது கூடவில்லை.

இன்ஸ்பயரிலும் திரை மட்டும் வேலை செய்யவில்லை, பயிற்சியும் பின்னூட்டமும் கூடவே இருந்தன. என் பார்வையில் திரை என்பது, எழுதும் கையைப் பத்து நொடி நிறுத்தும் ஒரு ஏற்பாடு. அந்தப் பத்து நொடிக்குக் கணினி கட்டாயமில்லை.

லினசோலிட் பற்றி ஒரு ஆதங்கம். எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்குமோ என்று சாதாரணச் செல்லுலைடிஸுக்கு அதை எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு அந்த மருந்துதான் இன்று ஒரு தூண். சிவந்த காலுக்கு அதைச் செலவழிக்காதீர்கள்.

லீட்ஸ்_தமிழன்:
இங்கிலாந்தில் செல்லுலைடிஸ் என்றால் கை தானாகவே ஃப்ளூக்ளாக்ஸசிலின் எழுதும். நைஸ் என்ற அரசு வழிகாட்டுதல் அமைப்பு சொல்வது 5 முதல் 7 நாள். 48 முதல் 72 மணிக்குள் மறுபடி பார்த்து ஐந்தில் ஒன்றை எழுத வேண்டும்: நிறுத்து, மாத்திரைக்கு மாற்று, வேறு மருந்துக்கு மாற்று, தொடர், அல்லது வீட்டிலிருந்தே ஊசி. இங்கும் வெள்ளிக்கிழமை அட்மிட் ஆனால் அந்தப் பார்வை திங்களன்றுதான். இந்த ஊர் நோய் அது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நெதர்லாந்தில் கடுமையான செல்லுலைடிஸில் 6 நாளையும் 12 நாளையும் ஒப்பிட்டார்கள். குணமாவதில் வித்தியாசம் இல்லை, ஆனால் 90 நாளுக்குள் திரும்ப வந்தது 6 நாள் குழுவில் அதிகம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் 5 நாள் என்பதை மந்திரமாக ஓத வேண்டாம்.

மருந்தறை:
ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை 5க்கும் 7க்கும் இல்லை, தேதியே இல்லாத சார்ட்டோடு.

கும்பகோணத்தான்:
நான் டாக்டர் இல்லை, அப்பாவுக்காகப் படிக்கிறேன். அப்பாவுக்கு இளம் வயதிலிருந்தே யானைக்கால். வருஷத்தில் மூன்று நான்கு தடவை குளிர்காய்ச்சல், கால் சிவந்துவிடும், ஆஸ்பத்திரியில் பத்து நாள். ஒவ்வொரு தடவையும் போன தடவையை விடப் பெரிய ஊசி. மருந்து பலிக்கவில்லையா?

தோல்_ஓபி:
மருந்து பலிக்காமல் இல்லை ஐயா. நிணநீர் வடிய வழி இல்லாத காலில் கிருமிக்கு வாசல் திறந்தே கிடக்கிறது. வாசலை அடைக்காமல் உள்ளே எத்தனை பெரிய ஊசி போட்டாலும் அடுத்த மாதம் திரும்பி வரும்.

தினமும் சோப்பு போட்டுக் கழுவி, மடிப்புகளையும் விரலிடுக்கையும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சை மருந்து தடவ வேண்டும். வெடிப்புக்கு எண்ணெய்ப்பசை. படுக்கும்போது காலை உயர்த்தி வைக்கலாம். நாள்பட்ட வீக்கத்தில் அழுத்தக் கட்டு என்ன செய்யும் என்று ஆஸ்திரேலியாவில் 84 பேரிடம் பார்த்தார்கள். கட்டு இல்லாதவர்களில் 40 சதவீதம் பேருக்குச் செல்லுலைடிஸ் திரும்பியது, கட்டியவர்களில் 15. ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் கட்ட வேண்டும், நீங்களாகக் கட்டாதீர்கள்.

அடிக்கடி வருபவர்களுக்குக் குறைந்த அளவுப் பென்சிலின் மாத்திரை தினமும் கொடுக்கும் வழியும் உண்டு. பிரிட்டனில் ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்ததில், திரும்ப வந்தவர்கள் 37 சதவீதத்திலிருந்து 22 ஆனார்கள். நிறுத்தியபின் பலன் நீடிக்கவில்லை. அப்பாவின் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

கும்பகோணத்தான்:
கழுவச் சொல்லி இதுவரை யாரும் சொன்னதில்லை டாக்டர். ஈரம் படக்கூடாது என்றுதான் வீட்டில் வைத்திருக்கிறோம்.

நைட்டியூட்டி:
மூன்று வாரம் ஆயிற்று, வந்து சொல்கிறேன் என்றிருந்தேன்.

முதலில் அந்த விவசாயி. இரண்டாம் நாள் காய்ச்சல் இல்லை. மெட்ரோனிடசோலை மட்டும் நிறுத்தலாமா சார் என்று கேட்டேன், சரி என்றார். மறுநாள் கிளிண்டா. நான்காம் நாள் செஃபலெக்சின் மாத்திரையோடும் விரலிடுக்குக் களிம்போடும் வீட்டுக்குப் போனார். ஒரேயடியாக எல்லாம் தப்பு என்று சொல்லியிருந்தால் என்னைத்தான் நிறுத்தியிருப்பார்.

அப்புறம், செல்லுலைடிஸ் கேஸ் ஷீட் பத்தைப் புரட்டினேன். ஒன்றில்கூட நிறுத்தும் தேதி இல்லை. அதை யார் பெயரும் சொல்லாமல் யூனிட் மீட்டிங்கில் காட்டினேன். சீஃப் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துவரச் சொன்னார், காசும் அவரே கொடுத்தார். சார்ட்டில் மருந்துக்குப் பக்கத்தில் அடிக்கிறோம். நான்கு வரி: சீழ் உண்டா, இல்லையா. மற்ற காலைப் பார்த்தாயிற்றா. பெரிய மருந்து என்றால் காரணம். மறுபடி பார்க்கும் தேதி.

எல்லோரும் நிரப்புவதில்லை. மூன்றாவது வரியில் ஒருவர் "சுகர்" என்று எழுதி வைத்திருக்கிறார். ஆனால் சிஸ்டர்கள் நான்காவது வரி காலியாக இருந்தால் மருந்தை ஏற்றும் முன் ஃபோன் போடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்குக்கூட.

ஸ்டாஃப்நர்ஸ்20:
போடத்தான் போடுவோம்.

கத்திக்காரன்:
ஐந்தாவது வரி ஒன்று சேருங்கள் தம்பி: வலி, பார்வைக்குத் தகுந்த அளவா? இரவு ஒரு தடவை, காலை ஒரு தடவை கேட்டு எழுத வேண்டும். அதைச் சேர்த்தால் எங்கள் யூனிட்டுக்கும் ஒரு ஸ்டாம்ப் வேண்டும். எங்கே செய்தீர்கள்?

நைட்டியூட்டி:
ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் சார். ஐந்து வரி என்றால் கொஞ்சம் பெரியதாகச் செய்ய வேண்டும் என்கிறார். இரண்டாகச் சொல்லிவிட்டேன்.